ராட் தடிச்சா என்ன ஆகும்? கைப்பிடியின் கதை

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். அமெரிக்காவின் ஜான் டேவிஸ் 177.5 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி ஹெவிவெயிட் தங்கம் வாங்குகிறார். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பலசாலி யார் என்று கேட்டால் பலரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். 17 வயசிலேயே உலக சாம்பியன் ஆனவர்.

அடுத்த வருஷம், 1949 செப்டம்பர், பாரிஸ். அதே டேவிஸ் முன்னாடி 166 கிலோ. போன வருஷம் தூக்கியதைவிட 11 கிலோவுக்கு மேல் குறைவு.

தூக்க முடியலை. திரும்ப முயற்சி செய்கிறார். முடியலை. பல தடவை தோற்கிறார்.

தோள் அதே தோள், கால் அதே கால். எடையும் குறைவு. அப்புறம் ஏன்?

காரணம் ராட். நம்ம ஊர் ஜிம்களில் பார்பெல் கம்பியை ராட்னுதானே சொல்வோம், அதேதான். அன்னைக்கு அவர் முன்னாடி இருந்த ராட் தடிமனாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்தத் தடிமனைப் பத்தித்தான் இந்த நீண்ட இழை. கடைசியில் நம்ம ஓ.பி. வரைக்கும் வரும், பொறுமையா படிங்க.

அந்த எடைக்கு ஒரு பெயர் உண்டு. அப்போலோன் சக்கரங்கள்.

பிரான்ஸில் லூயி யுனி என்று ஒருத்தர். 1862-ல் பிறந்தவர். சர்க்கஸிலும் நாடக மேடைகளிலும் பலம் காட்டிப் பிழைத்தவர். மேடைப் பெயர் அப்போலோன். சிறைக் கம்பிகளைக் கையாலேயே வளைத்து வெளியே வர்றது அவரோட புகழ்பெற்ற காட்சி. அவர் வைத்திருந்த பார்பெல்லில் இரண்டு பக்கமும் இருந்தது ரயில் பெட்டியின் இரும்புச் சக்கரங்கள். மொத்தம் 366 பவுண்டு, அதாவது 166 கிலோ.

166 கிலோ என்பது பெரிய எடைதான். ஆனாலும் அன்றைய முதல் தர வீரர்களுக்கு எட்டாத எடை இல்லை. அந்தச் சக்கரங்களை இணைத்த அச்சுதான் சிக்கல். அதன் விட்டம் ஏறக்குறைய 49 மில்லிமீட்டர்.

49 மி.மீ. என்றால் எவ்வளவு? பாக்கெட்டில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் எடுங்க. அதன் அகலம் 27 மி.மீ. இன்றைக்கு ஆண்கள் பளுதூக்கும் போட்டியில் பயன்படுத்தும் ராட் 28 மி.மீ., பெண்களுக்கு 25. நாணயத்தின் மேல் இன்னொரு நாணயம் போட்ட அளவுக்குக் கொஞ்சம் குறைவு, அதுதான் அப்போலோனின் அச்சு. சுற்றளவு கணக்கு போட்டால் வித்தியாசம் இன்னும் நல்லாப் புரியும். 28 மி.மீ. ராடைச் சுற்றிவர விரல் 9 செ.மீ. போனால் போதும். 49-க்கு 15 செ.மீ.க்கு மேல் போகணும்.

இங்கே கொஞ்சம் அனாடமி. பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

விரல்களுக்குள்ளே விரலை மடக்கும் தசை எதுவும் கிடையாது. நம்ப மாட்டீங்க, ஆனா அதுதான் உண்மை. விரலை மடக்கி இறுக்குகிற பெரிய தசைகள் எல்லாம் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கு. அங்கிருந்து நாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகளில் போய் ஒட்டுது. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று இழுக்க, கீழே பொம்மை கை ஆடுமே, அந்த ஏற்பாடு. உள்ளங்கையிலும் கட்டைவிரல் அடியிலும் இருக்கிற சின்னத் தசைகள் அதுக்குத் துணை.

வலது கை ஆள்காட்டி விரலால் மேசையை வேகமாகத் தட்டிக்கிட்டே, இடது கையால் வலது முன்கையைத் தொட்டுப் பாருங்க. உள்ளே ஓடுறது தெரியும்.

இப்போ மெல்லிய ராடைப் பிடிச்சா என்ன நடக்குது? நாலு விரலும் சுத்தி வந்துடும், கட்டைவிரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அந்த விரல்கள் மேலே படுத்து பூட்டு போட்டுடும். வளையம் மூடியாச்சு. பளுதூக்குபவர்கள் ஒரு படி மேலே போய், கட்டைவிரலை ராடோட சேர்த்து வெச்சு, அது மேலே மற்ற விரல்களைப் போட்டு நசுக்கிப் பிடிப்பாங்க. ஹூக் கிரிப் என்று பெயர். வலிக்கும். ஆனா எடை எவ்வளவு வேகமா மேலே வந்தாலும் நழுவாது.

ராட் தடிச்சா இந்தப் பூட்டே விழாது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம், நடுவுல இடைவெளி. வளையம் திறந்தே கிடக்கும். எடை கீழே இழுக்கும்போது ராட் உருண்டு விரல்களைத் திறக்கப் பார்க்கும். ஹூக் கிரிப்புக்கு வழியே இல்லை. அதோட தசைக்கும் ஒரு குணம் உண்டு. ரொம்பச் சுருங்கின நிலையிலும் ரொம்ப நீண்ட நிலையிலும் அதால முழு விசை தர முடியாது, நடு நீளத்துலதான் தரும். கை விரிந்தே இருந்தால் அந்த நடு நீளம் தாண்டிப் போயிடும்.

ஆக டேவிஸ் பாரிஸில் தோற்றது முதுகாலயும் காலாலயும் இல்லை. அவை வேலை செய்யும் முன்னாலேயே விரல் திறந்துகொண்டது.

கடைசியில் எப்படித் தூக்கினார் தெரியுமா? ஒரு உள்ளங்கை முன்னாடி பார்த்தும் இன்னொன்று பின்னாடி பார்த்தும் இருக்கிற மாதிரி மாற்றிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் ஒரு கையிலிருந்து உருளப் பார்க்கும் ராடை மறு கை தடுக்கும். ஆனா அந்தப் பிடியோடு தோளுக்குக் கொண்டுவர முடியாதே. அதனால் 166 கிலோ மேலே வந்துகொண்டிருக்கும்போதே, நடுவானில், ஒரு கையை விட்டுத் திருப்பிப் பிடித்தார். அப்புறம் தலைக்கு மேல் தள்ளினார். எழுதும்போதே எனக்கு மணிக்கட்டு வலிக்குது.

அவருக்கு முன்னாடி 1930-ல் பிரெஞ்சு வீரர் ஷார்ல் ரிகூலோ தூக்கியிருந்தார். 1924 ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பிற்பாடு தொழில்முறை வீரர். டேவிஸுக்குப் பின்னாடி 1954-ல் நார்பெர்ட் ஷெமான்ஸ்கி வந்தார். லண்டனில் டேவிஸுக்கு அடுத்து வெள்ளி வாங்கிய அதே ஷெமான்ஸ்கி. அவர் தோளுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மூன்று முறை தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அப்போலோனே அதை முழுசாகத் தலைக்கு மேல் தூக்கினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, யாராவது வேண்டுமென்றே ராடைத் தடிமனாகச் செய்வாங்களா? செய்தாங்க. அது தொழில் ரகசியம்.

சர்க்கஸ் பலசாலிக்குப் பெரிய பயம் எதிராளி இல்லை, பார்வையாளர்தான். மேடையில் நின்று "இதைத் தூக்குபவருக்குப் பரிசு" என்று சவால் விட்ட பிறகு, கூட்டத்திலிருந்து ஒரு மூட்டை தூக்குபவரோ கொல்லரோ எழுந்து வந்து தூக்கிட்டால் பிழைப்பு போச்சு. எடையைக் கூட்டினால் தனக்கே முடியாமல் போகலாம். பிடியைத் தடிமனாக்கினால்? எடை அதேதான், ஆனால் பழகாதவன் கையில் நிக்காது. திருடன் கைக்குச் சிக்காத பூட்டு மாதிரி.

இதில் மன்னன் இங்கிலாந்துக்காரர் தாமஸ் இன்ச். 1881-ல் பிறந்தவர், ஸ்கார்பரோ ஊர்க்காரர். தபால் மூலம் உடற்பயிற்சிப் பாடம் விற்ற வியாபாரியும்கூட. அவரிடம் இருந்த சவால் டம்பெல் எடை 172 பவுண்டு, சுமார் 78 கிலோ. பிடியின் விட்டம் 60 மி.மீ. டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது! ஒரே வார்ப்பாகச் செய்த இரும்பு. இரண்டு முனையிலும் பெரிய உருண்டைகள். தரையிலிருந்து கிளம்பியதும் அந்த உருண்டைகள் சுழலப் பார்க்கும், பிடி விரலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்துடும்.

ஒரு கையால் தூக்கினால் 200 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். இன்றைய கணக்கில் பெரிய தொகை. பல பத்தாண்டுகள் அந்தப் பணம் அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொரு தகவல், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவரிடம் பார்ப்பதற்கு அதே மாதிரி, எடை குறைந்த டம்பெல்களும் இருந்தன. எந்த நாள் எந்த டம்பெல் மேடைக்கு வந்தது என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? இதை ஏமாற்று என்பதா, விளம்பர சாமர்த்தியம் என்பதா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நான் அந்த நிஜமான 78 கிலோவைக் கேலி செய்யமாட்டேன். இரும்பு இரும்புதான்.

நம்ம ஊர் இளவட்டக்கல்லை இந்த இடத்தில் நினைச்சுக்கோங்க. அதில் பிடியே கிடையாது. உருண்டையான, வழவழப்பான கல். கைப்பிடி இல்லாததை எப்படி மார்புக்குக் கொண்டுவர்றதுங்கறதுதான் அங்கே பரீட்சையே. அப்போலோனும் அந்தக் கல்லும் ஒரே கேள்வியைத்தான் கேட்குது.

பிறகு தடிமனான ராட் எங்கே போச்சு?

போட்டி விளையாட்டு வளர வளர அது ஓரங்கட்டப்பட்டது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் ஜெர்மனியின் பெர்க் நிறுவனத்து பார்பெல் வந்தது. மெல்லிய ராட், முனைகளில் சுழலும் குழாய். தட்டுகள் தனியாகச் சுழலும், கையில் இருக்கும் ராட் முறுக்காது. வீரர்கள் தூக்கும் எடை ஏறியது, உலகச் சாதனைகளை ஒப்பிட முடிந்தது. விளையாட்டுக்கு அது நியாயமான மாற்றம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு கை என்பது எடையைத் தொங்கவிடும் கொக்கி மாதிரி ஆகிப்போச்சு. கால், முதுகு, தோள் எல்லாம் வளர்ந்தது. கையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்கு முதல் மாசமே ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு ராடைப் பிடிக்கும் தம்பிகளைப் பார்க்கிறேன். முதுகுக்கு நல்லதுதான். கைக்கு லீவு.

தடித்த ராட் திரும்பி வந்தது 1990-களில், அமெரிக்காவில். 1996-ல் ப்ரூக்ஸ் கூபிக் எழுதிய டைனோசர் டிரெய்னிங் என்ற புத்தகம் பழைய சர்க்கஸ் பலசாலிகளின் முறைகளை, குறிப்பாகத் தடித்த பிடியை, கேரேஜில் பயிற்சி செய்யும் சாதாரண ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

90-ஸ் கிட்ஸ் யாராவது இருந்தா, மார்க் ஹென்றி ஞாபகம் இருக்கா? மல்யுத்த மேடையில் "உலகின் பலசாலி மனிதர்" என்று வருவாரே. டிரம்ப் கார்டு விளையாடினவங்களுக்குத் தெரியும். நாம எல்லாரும் அதைச் சும்மா பட்டம்னு நினைச்சோம். அவர் 1992, 1996 ரெண்டு ஒலிம்பிக்ஸிலும் அமெரிக்காவுக்காகப் பளுதூக்கியவர். தாமஸ் இன்ச்சின் அந்த 78 கிலோ டம்பெல்லைப் போலவே செய்யப்பட்ட டம்பெல்லை ஒரு கையால் தூக்கியவர். 2002-ல் ஒஹையோ மாநிலத்தில் அர்னால்டு பெயரில் நடந்த பலசாலிகள் போட்டியில், அப்போலோன் சக்கரங்களைப் போலவே செய்யப்பட்ட எடையைத் தலைக்கு மேல் மூன்று முறை தூக்கினார். ரிகூலோ, டேவிஸ், ஷெமான்ஸ்கி வரிசையில் நம்ம டிவி ஆள்!

தடிமன் எவ்வளவு பலத்தைத் தின்னும் என்று 2007-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். அதே ஆட்கள், அதே பயிற்சிகள், ராட் தடிமன் மட்டும் மாறும். ரெண்டு அங்குல ராடில் டெட்லிஃப்ட் எடை கால்வாசிக்கு மேல் குறைந்தது. மூணு அங்குலத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் படுத்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் மாற்றமே இல்லை. தள்ளும்போது ராட் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும், இழுக்கும்போதுதான் விரலில் தொங்கும். டேவிஸ் கதை ஆய்வகத்தில் நிரூபணம் ஆனது மாதிரி.

இதுவரைக்கும் மேடைக் கதை. இதே காலத்தில் இன்னொரு பக்கம் கைப்பிடியை அளக்கும் வேலை நடந்துக்கிட்டிருந்தது. அதுவும் பிரான்ஸில்தான் தொடங்கியது.

1798. எட்மே ரெய்னியே என்பவர் கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை வெளியிடுகிறார். டைனமோமீட்டர். அவர் டாக்டர் இல்லை. பூட்டுகளும் துப்பாக்கிக் கருவிகளும் செய்த கைவினைஞர். முட்டை வடிவ எஃகு வில், அதை நசுக்கினால் முள் நகரும்.

அதை முதலில் பெரிய அளவில் எதுக்குப் பயன்படுத்தினாங்க என்று கேட்டால் கோபம் வரும். 1800-ல் கிளம்பிய போதன் கப்பல் பயணத்தில் பெரோன் என்ற இயற்கையாளர் அந்தக் கருவியை டாஸ்மேனியாவுக்கும் திமோருக்கும் சிட்னிக்கும் கொண்டுபோனார். பழங்குடிகளிடம் கொடுத்து நசுக்கச் சொன்னார். சில பேரை அளந்துவிட்டு, நாகரிக ஐரோப்பியர்தான் பலசாலிகள் என்று எழுதினார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு இரும்பு வில்லைப் பார்க்கும் மனிதரிடம், எதுக்கு என்றே சொல்லாமல், நசுக்கு என்றால் அவர் எவ்வளவு நசுக்குவார்? ஒன்றரை நூற்றாண்டு கழித்து பாரிஸ் மேடையில் அப்போலோன் சக்கரத்தைத் தூக்கிய ஜான் டேவிஸ் ஒரு கறுப்பினத்தவர் என்பதை இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கருவி பின்னாளில் நல்ல கைகளுக்கு வந்தது. இன்று அதே கருவியின் வாரிசை வைத்துத்தான் பக்கவாதம், நரம்புப் பாதிப்பு, முடக்குவாதம், கை ஆபரேஷனுக்குப் பிந்தைய முன்னேற்றம் எல்லாம் அளக்கிறோம். பிடி அகலத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஐந்து நிலைகள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது நிலையில்தான் அதிக வலு காட்டும். ரொம்ப விரிந்த நிலையில் முள் இறங்கிடும். மேலே சொன்ன நடு நீளக் கணக்குதான்.

2015-ல் லான்செட் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 17 நாடுகள், இந்தியாவும் உண்டு, சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். கைப்பிடி வலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறப்பை முன்கூட்டிச் சொல்வதில் சிஸ்டாலிக் பி.பி.யைவிடக் கைப்பிடி முந்தியது.

உடனே ஆன்லைனில் ஸ்பிரிங் வாங்கிடாதீங்க. இந்த இடத்தில்தான் வியாபாரிகள் புகுந்துடுவாங்க. கைப்பிடி குறைந்ததால் இதயம் நிற்பதில்லை. உடம்பு முழுக்கத் தசை கரையும்போது, சாப்பாடு குறையும்போது, நீண்ட நாள் நோய் உள்ளே தின்னும்போது, கை அதை முதலில் சொல்லிக் கொடுக்குது. அது புகை, நெருப்பு வேற இடத்தில். ஸ்பிரிங்கை மட்டும் நசுக்கினால் புகையை விசிறிவிட்ட கதைதான்.

ஆசியர்களுக்கான தசை இழப்பு வழிகாட்டி 2019-ல் வந்தது. ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே கைப்பிடி இருந்தால் கவனிக்கணும் என்கிறது. சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிற வரிசையில் இதையும் வைக்கலாம், ஒரு நிமிஷ வேலை. நான் வேலை பார்த்த எந்த ஓ.பி.யிலும் டைனமோமீட்டரைப் பார்த்ததில்லை. இருக்கணும் என்பது என் கட்சி. ஒரு இ.சி.ஜி. மெஷின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒண்ணுமே இல்லை.

தடித்த ராடுக்குத் திரும்புறேன், ஏன்னா இன்பாக்ஸில் கேட்பீங்க. ராட் மேல் மாட்டும் ரப்பர் உறை இப்போ நம்ம ஊரிலும் கிடைக்குது. பழைய துண்டைச் சுற்றினாலும் அதே வேலைதான், காசு மிச்சம். புஜம் இரட்டிப்பாகும் என்ற விளம்பரத்தை நம்பாதீங்க. பிடி வலுக்கும், முன்கை வலுக்கும், அது உண்மை. வழக்கமான எடையில் கணிசமாகக் குறைத்துத் தொடங்குங்க. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். எல்லாப் பயிற்சியையும் தடித்த பிடியில் செய்தால் கை முதலில் களைத்து, முதுகுக்கும் காலுக்கும் வேலையே கிடைக்காது.

பி.பி. உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்த அழுத்தம் ஏறும். நாங்கள் இதை ஒரு டெஸ்ட்டாகவே பயன்படுத்துகிறோம். முழு வலுவில் 30 சதவீதத்தைச் சில நிமிடம் பிடிக்கச் சொன்னால், கீழ் அழுத்தம் 16 புள்ளியாவது ஏறணும். ஏறவில்லை என்றால் சர்க்கரை தானியங்கி நரம்புகளைப் பாதித்திருக்கலாம். அந்த மென்மையான பிடிக்கே இவ்வளவு ஏறும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு தடித்த ராடை இழுத்தால் என்ன ஆகும்? பி.பி. கட்டுப்பாட்டில் இல்லாதவங்க முதல்ல மாத்திரையை ஒழுங்கா போடுங்க, அப்புறம் அப்போலோன் ஆகலாம். ராத்திரி விரல் மரத்துப்போறவங்க, முழங்கை வெளிப்பக்கம் வலிக்கிறவங்க, விரல் மடங்கி நிமிரும்போது சொடுக்கி மாட்டிக்கிறவங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. கடைசியில் சொன்னது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும்.

வீட்டுப் பெரியவங்களுக்கு ராடெல்லாம் வேண்டாம். அவங்க கையைக் கவனிங்க போதும். போன வருஷம் தானே திறந்த ஊறுகாய் பாட்டிலை இப்போ பேரன்கிட்ட நீட்டுறாங்களா? நனைந்த புடவையைப் பிழியாமல் அப்படியே காயப்போடுறாங்களா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்தும் தடுமாறுறாங்களா? வயசாச்சுன்னு விடாதீங்க. என்ன சாப்பிடுறாங்க, எடை குறைஞ்சிருக்கா, சர்க்கரை எவ்வளவு, தைராய்டு பார்த்தாச்சா என்று ஒரு சுற்று பார்க்க வேண்டிய நேரம் அது. சாப்பாட்டில் புரதமும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் அவங்களுக்கு எந்த ஸ்பிரிங்கையும்விட அதிகம் செய்யும்.

இன்னொண்ணு. டைனமோமீட்டர் இல்லாத ஓ.பி.யில் நாங்க எங்க ரெண்டு விரலைத்தான் நீட்டி "அழுத்துங்க" என்போம். நிறைய பேர், குறிப்பா வயசான அம்மாக்கள், "டாக்டர் தம்பிக்கு வலிக்குமே"ன்னு மரியாதைக்குத் தொட்டுட்டு விட்டுடுறாங்க. அப்புறம் பலவீனமா, மரியாதையா என்று எங்களுக்குத் தெரியறதில்லை. எங்க விரலுக்கு ஒண்ணும் ஆகாது. முழு பலத்தோட அழுத்துங்க.